கடலில் இறங்கியவர் எப்போது மலையேறலாம்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் கடலுக்கடியில் சுழியோடுவது பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நான் டிக்கோயாப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன். பத்தொன்பது வயதில் ஹோட்டல் வேலைக்கென்று மாலைதீவு போய், சமையலறையில் பாத்திரம் கழுவி, பிறகு படகில் சிலிண்டர் தூக்கி, அப்படியே சுழியோடி வழிகாட்டியானேன். அங்கே 9 வருஷம், நிலாவெளியில் 6 வருஷம். இப்போது ஊரோடு இருக்கிறேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே தவறைத் திட்டமாகப் போட்டு எழுதியிருக்கின்றன. அதனால் முதல் பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொண்டு முழுக்க வாசியுங்கள்.

ஆகஸ்ட் லீவில் ஆசிரியர்கள் எட்டுப் பேர் வேன் பிடித்து நிலாவெளிக்குப் போகிறோம். வெள்ளி, சனி ஊர் பார்த்துவிட்டு ஞாயிறு காலை புறாத்தீவில் ஸ்கூபா டைவ். பகல் சாப்பாடு முடிந்ததும் வேன் ஏறினால் இரவு தலவாக்கலைக்கு வந்துவிடலாம். இந்தத் திட்டம் சரியா? – ஆசிரியை, தலவாக்கலை

டீச்சர், திட்டத்தை அப்படியே திருப்பிப் போடுங்கள். முதலில் கடல், கடைசியில் கோவில். ஞாயிறு காலை டைவ் அடித்துவிட்டு அன்றிரவே 1,200 மீற்றர் உயரத்துக்கு ஏறுவது உடம்புக்கு ஆபத்து.

காரணம் இதுதான். கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 10 மீற்றர் ஆழத்தில் உங்கள் மேல் இருப்பது கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அந்த அழுத்தத்தில் சிலிண்டர் காற்றைச் சுவாசிக்கும்போது, காற்றிலுள்ள நைதரசன் இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து சேர்கிறது. மேலே வந்ததும் அது மூச்சு வழியாக வெளியேறத் தொடங்கும். ஆனால் ஒரே மூச்சில் போகாது. மணிக்கணக்காகும். அது போய் முடியுமுன் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்தால் உள்ளே மிச்சமிருக்கும் நைதரசன் குமிழாகிவிடும். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது சுலபம். கண்டியில் வாங்கிய மிக்ஸர் பக்கெட் ரம்பொடை வளைவுகளில் ஏற ஏற உப்பிக்கொண்டு வருவதைப் பார்க்காதவர் யார்? தலவாக்கலையில் காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவில், 1,868 மீற்றரில், ஐந்தில் ஒரு பங்கு குறைவு.

டைவ் அடித்துவிட்டு விமானம் ஏறுவதற்கு ஒரு விதி இருக்கிறது. ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணித்தியாலம், ஒரு நாளில் இரண்டு மூன்று அல்லது தொடர்ந்து பல நாள் என்றால் குறைந்தது 18 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். ஆழத்தில் நின்று நின்று ஏற வேண்டிய டைவ் என்றால் இன்னும் கூட. நான் எல்லாருக்கும் 24 என்றே சொல்வேன். இந்த விதி விமானத்துக்கென்று சொல்லப்பட்டாலும், 600 மீற்றருக்கு மேல் உள்ள எந்த உயரத்துக்கும் அதுவே. வேனில் ஏறினாலும் உயரம் உயரம்தான். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, அப்புத்தளை, பண்டாரவளை எல்லாம் இதற்குள் அடங்கும். கண்டி 500 மீற்றர்தான். ஆனால் நான் என்றால் அங்கேயும் டைவ் முடிந்த கையோடு ஏறமாட்டேன்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். மாலைதீவில் மலையே கிடையாது. எனக்குக் கற்றுத்தந்தவர்கள் விமானத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், ரோட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நிலாவெளிக்கு வந்த முதல் வருஷம் இரண்டு நாளில் ஐந்து டைவ் முடித்திருந்தேன். கடைசி டைவ் பின்னேரம் 3 மணிக்கு. அன்று 6 மணிக்கு வீட்டிலிருந்து போன். அப்பாவுக்கு நெஞ்சு வலியாம். கிடைத்த பஸ்ஸில் கண்டி வந்து, குட்ஷெட் ஸ்டாண்டில் ஹட்டன் பஸ்ஸுக்கு மாறினேன். கம்பளை தாண்டும்போது இடது தோள்பட்டைக்குள் ஏதோ பிடித்த மாதிரி இருந்தது. கினிகத்தேனையில் அது பல்வலி போல உள்ளுக்குள் குடைந்தது. கையை எந்தப் பக்கம் வைத்தாலும் அதே வலி. பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்ததால் என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா, "என்னடா தோளப் புடிச்சிக்கிட்டே இருக்க?" என்று கேட்டு எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டார். அப்பாவைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலேயே காட்டினேன். தசைப்பிடிப்பு என்று மாத்திரை தந்து அனுப்பினார்கள். டைவ் அடித்தேன் என்று நானும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மறுநாள் விரல் நுனிகள் மரத்துப்போனதும் பயந்துபோய் நிலாவெளியில் இருந்த என் மூத்த வழிகாட்டிக்கு போன் எடுத்தேன். அவர் கேட்டது இரண்டே கேள்வி. "கடைசி டைவ் எத்தனை மணிக்கு? மலைக்கு எத்தனை மணிக்கு ஏறின?" பதிலைச் சொன்னதும் உடனே இறங்கி வரச் சொன்னார். வழி முழுக்க ஒட்சிசன் மாஸ்க்குடன் திருகோணமலைக்குப் போய், அங்கே கடற்படையின் அழுத்த அறையில் (காற்றழுத்தத்தைத் திரும்பக் கூட்டிக் குமிழைக் கரைக்கும் அறை) ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் படுத்திருந்தேன். வலி போனது. மழைக் குளிரில் அந்தத் தோள் இன்றைக்கும் தன்னை ஞாபகப்படுத்தும்.

ஆகவே உங்கள் பயணத்தை இப்படிப் போடுங்கள். வெள்ளி விடியவே கிளம்பி பின்னேரம் நிலாவெளி போய்ச் சேருங்கள். நன்றாகத் தூங்குங்கள். சனி காலை 7 மணிக்குப் படகு, 11 மணிக்குள் கரை. அதற்குப் பிறகு ஸ்கூபா வேண்டாம். மாஸ்க் போட்டு மேலே மிதந்து மீன் பார்ப்பதால் நைதரசன் சேராது, அது பரவாயில்லை. ஞாயிறு காலை கோணேசர் கோவில், கன்னியா வெந்நீரூற்று. பகல் 12 மணிக்கு வேன் எடுத்தால் 24 மணித்தியாலத்துக்கு மேலாகிவிடும். இரவு எட்டு மணி வாக்கில் வீடு. ஒரு நாளும் கூடவில்லை, ஒரு ரூபாயும் கூடவில்லை. யாராவது ஞாயிறும் இறங்கியே தீருவேன் என்றால், அந்த ஒருவருக்காக எல்லாரும் தம்புள்ளையிலோ ஹபரணையிலோ ஓர் இரவு தங்க வேண்டும்.

மலையில் யாருக்காவது டைவ் அடித்த இரண்டு நாளுக்குள் மூட்டு வலி, மரத்துப்போதல், தோல் அரிப்பு, தலைச்சுற்று, சிறுநீர் போக முடியாமை வந்தால் 1990 அம்புலன்ஸுக்கு அழைத்து, முதல் வாக்கியமாக "டைவ் அடித்தேன்" என்று சொல்லுங்கள். வைத்தியரிடமும் அதையே முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் ஒழிய, ஹட்டனில் கடல் நோய் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாது.

வயது 23. ஹிக்கடுவையில் ஓப்பன் வோட்டர் அட்டை எடுத்தேன், இதுவரை ஆறு டைவ். மட்டக்களப்பில் ஹெர்மிஸ் கப்பலுக்கு இறக்குவதாக ஒரு நண்பன் சொல்கிறான். லுணுகலை வழியாக பைக்கில் போய் அன்றே திரும்ப நினைக்கிறோம். – ஆர்.ஜே., பண்டாரவளை

வேண்டாம் தம்பி. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. இங்கே ஆழம் தெரிந்தே சொல்கிறேன். ஹெர்மிஸ் என்ற அந்தப் பிரிட்டிஷ் விமானந்தாங்கிப் போர்க்கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. உங்கள் ஓப்பன் வோட்டர் அட்டை முதற்கட்டப் பயிற்சிக்கானது, 18 மீற்றருக்கு. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு எல்லை 40 மீற்றர். கப்பலின் மேல் தட்டே அந்த எல்லையைத் தாண்டித்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போடுங்கள். 12 லீற்றர் சிலிண்டரில் 200 பார் (ஒரு பார் ஏறக்குறைய கரையிலுள்ள காற்றழுத்தம்) அடைத்தால் உள்ளே 2,400 லீற்றர் காற்று. கரையில் நிமிஷத்துக்கு 20 லீற்றர் சுவாசிப்பவருக்கு அது இரண்டு மணித்தியாலம் வரும். 50 மீற்றரில் அழுத்தம் ஆறு மடங்கு, ஒவ்வொரு மூச்சும் ஆறு மடங்கு காற்றை இழுக்கும். ஆக 20 நிமிஷம். இறங்க, ஏற, வழியில் நிற்க எல்லாம் அந்த 20க்குள். பயந்து மூச்சு வாங்கினால் அதில் பாதி. அந்த ஆழத்தில் நைதரசன் கள் குடித்தவனைப் போல மூளையை மந்தமாக்கும். காற்று மீட்டரின் முள் 50 பாருக்கு வந்ததைப் பார்த்தும் ஒன்றும் தோன்றாமல் இருந்தவர்களை நான் கையைப் பிடித்து மேலே கொண்டுவந்திருக்கிறேன், அதுவும் 30 மீற்றரிலேயே. ஹெர்மிஸுக்குப் போகிறவர்கள் வேறு வாயுக் கலவையும் பல சிலிண்டரும் வருஷக்கணக்கான பயிற்சியும் உள்ளவர்கள்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்தபோது 307 பேர் இறந்தார்கள். அது ஒரு கல்லறை. தயாராகிப் போகிறவர்கூட அமைதியாகப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம்.

சிதைந்த கப்பல் பார்க்கும் ஆசையை விட வேண்டாம். அதே நாள் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் கல்குடாவுக்கு அப்பால் 25 மீற்றருக்குள் கிடக்கிறது. அடுத்த கட்டமான அட்வான்ஸ்ட் பயிற்சியை முடித்து, இருபது முப்பது டைவ் கைவசம் ஆனதும் போங்கள். போனாலும் அன்றே பைக்கில் திரும்புவது கூடாது. பிபிலை தாண்டி லுணுகலை, பசறை என்று ரோடு நேராக மலைக்குள் ஏறிவிடும். பண்டாரவளை 1,225 மீற்றர். முதல் பதிலில் உள்ள கணக்கு உங்களுக்கும்தான். மட்டக்களப்பிலேயே தங்குங்கள்.

ஜூலையில் இங்கே விடாத மழை. கடல் மட்டும் நன்றாக இருக்குமா? – வாசகர், வட்டவளை

அந்த மழையை உங்கள் ஊரே வாங்கிக்கொள்வதால்தான் கிழக்கே வெயில். தென்மேற்குக் காற்று ஈரத்தை மலையில் கொட்டிவிட்டு, காய்ந்துபோய் அந்தப் பக்கம் இறங்குகிறது. மட்டக்களப்பில் அதைக் கச்சான் என்பார்கள். மே முதல் செப்டெம்பர் வரை திருகோணமலை, பாசிக்குடா, மட்டக்களப்பு. நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஹிக்கடுவை, உனவட்டுன. டிசம்பர் லீவில் நிலாவெளிக்குப் போனால் வாடைக்காற்றில் கலங்கிய தண்ணீரும் கரையில் இழுத்து வைத்த படகும்தான் மிஞ்சும். எந்தக் கரையானாலும் காலையில் இறங்குங்கள்.

நண்பர்கள் ஆறு பேர். ஒரு நாள் முழுக்கப் படகை எங்களுக்கே வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். விலை பேசும்போது எதைக் கவனிக்க வேண்டும்? – எஸ்.கே., பொகவந்தலாவை

விலையைக் கடைசியில் பேசுங்கள். முதல் கேள்வி, நாங்கள் கீழே இருக்கும்போது படகில் யார் இருப்பார்? "அண்ணே, ஒருத்தரும் வேண்டாம், நங்கூரம் போட்டுத்தானே வச்சிருக்கு" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போங்கள். எஞ்சினை இயக்கத் தெரிந்த ஒருவர் எந்நேரமும் படகில் நின்று உங்கள் குமிழ்களைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நீரோட்டம் உங்களை அரைக் கிலோமீற்றர் தள்ளிவிட்டால் படகுதான் வர வேண்டும், நீங்கள் நீந்திப் போக முடியாது.

இரண்டாவது, ஒட்சிசன். "இருக்கு" என்ற வாய்ப்பேச்சு போதாது. பெட்டியைத் திறக்கச் சொல்லி, மீட்டர் முள்ளைப் பார்த்து, மாஸ்க்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நல்ல படகுக்காரர் கோபிக்க மாட்டார், சந்தோஷப்படுவார். மூன்றாவது, முதல் முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி எத்தனை பேரைப் பார்த்துக்கொள்வார்? நான் இரண்டு பேருக்கு மேல் எடுத்ததில்லை. ஆறு பேரையும் ஒருவரே கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முதல் முறைக்காரருக்கு 12 மீற்றருக்கு மேல் ஆழமும் கூடாது.

தலை எண்ணுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலைதீவில் நான் வேலை செய்த ஒரு படகில் பதினொரு பேர் இறங்கினார்கள். ஏறியதை யாரும் எண்ணவில்லை. கிளம்பிப் பத்து நிமிஷம் கழித்து, ஒருவருடைய சப்பாத்து மட்டும் தனியாகக் கிடப்பதைப் பார்த்துத்தான் எனக்கு வயிறு கலங்கியது. திரும்பிப் போனோம். அந்த மனுஷன் செம்மஞ்சள் நிறக் குழாய்ப் பலூனை ஊதிப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி இருந்தார். அந்தப் பலூன் இல்லாவிட்டால் அலைக்குள் ஒரு தலையைத் தேடுவது, கொழுந்து மலையில் விழுந்த ஊசியைத் தேடுவதுதான். ஆகவே இறங்குமுன் ஒரு தரம், ஏறிய பின் ஒரு தரம், பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணச் சொல்லுங்கள். வழிகாட்டியிடம் அந்தப் பலூன் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சாமான்களைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். மாஸ்க்கைப் பட்டி மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்த பிறகும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது உங்கள் முகத்துக்குப் பொருந்தும். பிறகு ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் கருவி) வாயில் வைத்து, மீட்டரைப் பார்த்தபடியே நாலு மூச்சு ஆழமாக இழுங்கள். முள் அசையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு மூச்சுக்கும் முள் விழுந்து எழும்பினால் வால்வு முழுக்கத் திறக்கவில்லை என்று அர்த்தம். மேலே காற்று வரும், ஆழத்தில் போதாது. காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் அந்தச் சிலிண்டரைத் தொடவே வேண்டாம். எஞ்சின் புகை கலந்திருந்தால் கூடவே காபன் மொனொக்சைட்டும் வரும், அதற்கு வாடை கிடையாது.

புறாத்தீவு என்றால் வனஜீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு படகு வாடகையில் சேராது. அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள். உள்ளூர்க்காரருக்குக் கட்டணம் வேறு. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவான இடம் அது. முருகைக்கல் என்று நாம் கல்லாகச் சொன்னாலும் அது உயிர். 1998லும் 2016லும் கடல் சூடேறி உலகமெங்கும் முருகைக்கற்கள் வெளிறியபோது நம் கரைகளும் தப்பவில்லை. மிச்சமிருப்பதன் மேல் ஒருவர் இளைப்பாறக் காலை ஊன்றினால், கைவிரல் நீளம் வளர வருஷங்கள் எடுத்தது ஒரு நொடியில் முறிந்துபோகும். உங்கள் ஆறு பேரில் யாரும் நிற்க வேண்டாம், ஒரு துண்டையும் பையில் போட வேண்டாம். அந்தத் தண்ணீரில் கறுப்பு முனைச் சுறாக்கள் சுற்றும். மனிதரைக் கண்டால் விலகிப் போகும் இனம், பயப்படாமல் பாருங்கள்.

எனக்குப் பீனிசம் உண்டு. குளிர் காலத்தில் மூக்கடைப்பு. பஸ்ஸில் மலையிறங்கும்போதே காது அடைக்கும். டைவ் பண்ணலாமா? – வாசகி, நுவரெலியா

தங்கச்சி, நுவரெலியாவிலிருந்து கடற்கரை வரை பஸ்ஸில் இறங்க எத்தனை மணித்தியாலம்? வழியில் எத்தனை தரம் எச்சில் விழுங்குகிறீர்கள்? அந்த முழு மலையின் அழுத்த வித்தியாசமும் கடலில் முதல் 2 மீற்றருக்குள் முடிந்துவிடும். சில விநாடிகளில். பஸ்ஸில் காது அடைப்பவர் தண்ணீரில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதுவே பதில். அவசரப்படவே கூடாது.

மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாக ஊதினால் காதுக்குள் 'டப்' என்று திறக்கும். அதைப் பஸ்ஸிலேயே பழகுங்கள், ரம்பொடை இறக்கம் நல்ல பள்ளிக்கூடம். தண்ணீரில் வலி வந்த பிறகு செய்யாதீர்கள், வருமுன் செய்யுங்கள். நங்கூரக் கயிற்றைப் பிடித்து, கால் கீழே இருக்க இறங்கி, அரை மீற்றருக்கு ஒரு தரம். திறக்கவில்லையா, ஒரு மீற்றர் மேலே ஏறித் திரும்ப முயலுங்கள். அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்குக் கடல் இல்லை. பலமாக ஊதினால் செவிப்பறை கிழியும்.

சளியோடு இறங்கக் கூடாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டும் கூடாது. கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் தீர்ந்தால், ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் நெற்றி வெடிப்பதுபோல் வலிக்கும். ஆஸ்துமா, இருதய நோய், வலிப்பு, காது ஆபரேஷன், கர்ப்பம் எதுவானாலும் இறங்குமுன் தரும் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். ஒரு 'ஆம்' இருந்தாலும் வைத்தியர் கையெழுத்து வேண்டும். எத்தனையோ பேர் பயணத்துக்குக் கட்டிய காசை நினைத்து எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டிவிடுங்கள். மறக்கக் கூடாத இன்னொன்று. நீருக்கடியில் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரலுக்குள் காற்று விரிந்து கிழித்துவிடும்.

மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியாக் கோவிலை சிலிண்டர் கட்டி இறங்கிப் பார்க்க முடியாதா? – இளைஞர், மஸ்கெலியா

இந்த ஆசை எனக்கும் சின்ன வயதிலிருந்து உண்டு. ஆனால் இறங்க மாட்டேன், உங்களையும் விட மாட்டேன். அது 1,100 மீற்றருக்கு மேல் உள்ள தண்ணீர். மேலே காற்றழுத்தம் குறைவானதால் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கடலுக்கென்று எழுதிய அட்டவணை அங்கே பொருந்தாது, தனிப் பயிற்சி வேண்டும். அடியில் சேறு. ஒரு முறை கால் அசைத்தால் கையை நீட்டினால் கை தெரியாது. பழைய மரக் குற்றிகள் நிற்கின்றன. தண்ணீர் சுரங்கம் வழியாக கெனியன் மின்நிலையத்துக்கு இழுபடுகிறது. நீர்த்தேக்கத்தை நடத்துபவர்களின் அனுமதியில்லாமல் அங்கே எதுவும் செய்யக் கூடாது. கடும் வரட்சியில் தண்ணீர் வற்றும்போது கோவில் தானே மேலே வரும். அப்போது காய்ந்த சேற்றில் நடந்து போய்க் கும்பிடுங்கள். நான் அப்படித்தான் என் தாத்தா காட்டிய இடத்தைப் பார்த்தேன்.

மாலைதீவில் ரிசோட் வேலை கிடைத்திருக்கிறது. உங்களைப் போல சுழியோடியாக முடியுமா? – எம்., டயகம

முடியும். பயிற்சிப் படிகள் ஓப்பன் வோட்டர், அட்வான்ஸ்ட், ரெஸ்கியூ, அதற்கு மேல் வழிகாட்டித் தகுதியான டைவ் மாஸ்டர். வயது 18 ஆகியிருக்க வேண்டும், டைவ் மாஸ்டர் பயிற்சியைத் தொடங்க 40 டைவ், முடிக்க 60. ஒவ்வொரு டைவையும் புத்தகத்தில் பதிந்து கையெழுத்து வாங்கு. முதலில் நீச்சல். நம் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் பயம் மட்டுமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம், நீந்தச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஓப்பன் வோட்டருக்கே 200 மீற்றர் நீந்தி, 10 நிமிஷம் மிதந்து காட்ட வேண்டும். அங்கே சட்டப்படி 30 மீற்றருக்குக் கீழே போகக் கூடாது, விருந்தினர் எவ்வளவு கெஞ்சினாலும். லீவுக்கு வரும்போது கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் விடு. கட்டுநாயக்காவில் இறங்கி நேரே டயகமவுக்கு ஏறுகிறவன் நீ.

எனக்கு 64 வயது. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து எடுத்துப் பென்ஷனில் இருக்கிறேன். நீந்தத் தெரியாது. பிரஷர் மாத்திரை போடுகிறேன். கடலுக்குள் மீன் எப்படி இருக்கும் என்று ஒரு தரம் பார்க்க வேண்டும். இதைப் பேத்தி எழுதுகிறாள். – அம்மா, நோர்வூட்

அம்மா, சிலிண்டர் வேண்டாம். பாசிக்குடாவுக்குப் போங்கள். அங்கே கடல் வெகு தூரம் வரை முழங்காலளவும் இடுப்பளவும்தான். என் அம்மாவை அங்கே கூட்டிப்போனபோது அவருக்கு 61 வயது. பட்டியை மாட்டிக்கொள்ளப் பயந்தார். அதனால் மாஸ்க்கைக் கையாலேயே முகத்தில் அழுத்திப் பிடித்து, முழங்கால் தண்ணீரில் குனிந்தார். நிமிரவே இல்லை. மூச்சு முட்டியபோது மட்டும் தலையைத் தூக்கி, "வரி போட்ட சின்னது ஒன்னு கால்கிட்டயே நிக்குதுடா" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் குனிந்தார். அரை மணித்தியாலம் அப்படியே. சேலையை விட்டு, சல்வார் போட்டுக்கொண்டு போயிருந்தோம். ஈரச் சேலை காலைச் சுற்றும்.

போகுமுன் உங்கள் கிளினிக் டொக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், மாத்திரையை விடாதீர்கள். ஓகஸ்டில் ஒரு கிழமை நாளில் போனால் கூட்டம் குறைவு. காலை 7 மணிக்குத் தண்ணீரில் இறங்குங்கள், 9 மணிக்கு வெயில் ஏறிவிடும். பேத்தி ஒரு பக்கம் கையைப் பிடித்துக்கொள்ளட்டும். காலுக்கு மழைக்குப் போடும் றப்பர் சப்பாத்து வேண்டாம், தண்ணீர் நிறைந்து கனக்கும். அடி தடித்த பழைய கென்வஸ் சப்பாத்து போதும். இதற்கு நைதரசன் கணக்கு ஒன்றும் இல்லை, பார்த்துவிட்டு அன்றைக்கே நோர்வூட்டுக்கு ஏறலாம்.